நகைப் பட்டறையில் ஆடாத தீ



தோட்டத்தில் வாழும் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், தோட்டத்தை விட்டு நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோய்விட்ட குடும்பங்களுக்கும், தொழில் ஒன்றைக் கற்கும் வயதில் இருக்கும் இளைஞர்களுக்கும் இன்றைய பேச்சு. பேசப்போவது ஒரு சிறிய தீயைப் பற்றி. நகை செய்யும் ஆசாரி கையில் பிடித்திருக்கும் கேஸ் டார்ச்சின் தீயைப் பற்றி. டார்ச் என்றதும் பேட்டரி போட்ட கைவிளக்கை நினைக்க வேண்டாம். கேஸை ஒரு நுண்ணிய துளை வழியாகப் பாய்ச்சி, கூர்மையான நீலத் தீயாக எரிய வைக்கும் கருவியையே பட்டறையில் டார்ச் என்கிறார்கள்.

அந்தத் தீ சில வேளைகளில் ஆடும், துடிக்கும், மஞ்சளாகும், பட்டென்று அணைந்துபோகும். ஏன் அப்படி ஆகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது தோட்டத்துக் குடும்பங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். அடுத்தாற்போல் கொல்லர் பெயரில் ஜாலான் துக்காங் பெசி. 1781ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அந்தப் பொற்கொல்லர் தெருவில்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமை நகரமாக மலாக்கா அறிவிக்கப்பட்ட பிறகு, உலகெங்கிலுமிருந்து அந்தத் தெருவைப் பார்க்க வருகிறார்கள். தெருவின் பெயர் நிலைத்திருக்கிறது. தொழிலுக்கோ ஆள் இல்லை. முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைப் பட்டறை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட பிறகு, ஆள் போதவில்லை என்ற முறையீட்டை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டது முதல் நம் மக்களுக்குப் பால்வெட்டுவதே தொழிலாக இருந்தது. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டங்களில் ஆள் தேவையும் குறைந்துவிட்டது. கைத்தொழில் ஒன்றைத் தேடும் நம் பிள்ளைகளுக்கு நகைப் பட்டறை ஒரு வழி. அங்கே முதலில் பழக வேண்டியது தீ.

ஆடும் தீயால் என்ன கெடுதல்? பட்டறைக்கு வரும் தங்கம் பெரும்பாலும் ஆசாரியின் தங்கம் அன்று. ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த சங்கிலி, அம்மாவின் தாலி, பேத்தியின் காதணி. சுத்தத் தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும். 916 தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். ஒட்டுவதற்கு வைக்கும் பற்றாசு அதைவிடச் சற்றே குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறுகியது. தீ நிலையாக இருந்தால் ஆசாரி அந்த இடைவெளியில் நின்று வேலை செய்வார். தீ ஆடினால் பற்றாசு உருகாமல் நகை கறுக்கும். அல்லது ஒரே நொடியில் கண்ணி உருகி உருண்டையாகிவிடும். நட்டம் நகைக்காரருக்கு, பழி வேலைக்காரப் பிள்ளைக்கு.

முன்பு ஆசாரிமார் உமியோட்டில் கரி நெருப்பு மூட்டி, வளைந்த பித்தளை ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினார்கள். கன்னத்தில் காற்றை நிறைத்து, மூக்கால் மூச்சு வாங்கி, இடைவிடாமல் ஊதுவது ஒரு பெரிய பயிற்சி. பற்றாசுப் பொடியை வைத்து ஊதிய அந்தத் தொழிலிலிருந்துதான் ‘பொடி வைத்துப் பேசுவது’ என்ற வழக்கே வந்தது என்பார்கள். பிறகு காலால் மிதிக்கும் துருத்தி வந்தது. இன்று கேஸ் வந்துவிட்டது. கருவி மாறினாலும் விதி மாறவில்லை. எரிபொருளும் காற்றும் அளவோடு சேர்ந்து, ஒரே வேகத்தில் வர வேண்டும். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் தீ ஆடும்.

இந்த விதி தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. விடியுமுன் பால்வெட்டப் போனவர்கள் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு போனார்கள். மேல்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைட் கல்லின்மேல் விழும். அசிட்டிலின் வாயு கிளம்பும். சிறு துளை வழியே வந்து எரியும். தண்ணீர் நின்றால் வெளிச்சம் சுருங்கும். துளையில் புகைக்கரி அடைத்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும். அப்போது மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிடுவார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் அதே வைத்தியம்தான். அந்த அனுபவ அறிவே இன்றைய கேஸ் டார்ச்சுக்கும் அடிப்படை.

இப்போது டார்ச்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கையடக்கமான டார்ச்சில் பியூட்டேன் என்ற எரிபொருள் திரவமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது ஆவியாகும்போது ஏறக்குறைய 230 மடங்கு விரியும். அந்த ஆவி, ஊசி முனை அளவுள்ள துளை வழியாக வேகமாகப் பாயும். பாயும் வேகத்தில் பக்கத்துத் துவாரங்களிலிருந்து காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஜெர்மானிய விஞ்ஞானி புன்சன் பெயரால் அழைக்கப்படும் பள்ளிச் சோதனைக்கூட விளக்கும் இவ்வாறே வேலை செய்கிறது. ஒரு பங்கு பியூட்டேன் ஆவி முழுமையாக எரிய 31 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள் சூடேறி மஞ்சளாக ஒளிரும். மஞ்சள் தீ நகையைக் கறுப்பாக்கும். அதோடு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் கிளப்பும். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நல்ல தீ எப்படி இருக்கும்? உள்ளே தெளிவான நீலக் கூம்பு. அதைச் சுற்றி மங்கிய நீலப் போர்வை. ஒரே சீரான இரைச்சல். உட்கூம்பின் நுனியைத் தாண்டிச் சற்று முன்னே இருக்கும் இடமே மிகுந்த சூடு உள்ள இடம். நகையை அங்கேதான் காட்ட வேண்டும். இந்தத் தீயைக் கண்ணாலும் காதாலும் பழகிக்கொண்டால், கெட்ட தீயை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். டார்ச்சைக் கழற்றுவதற்கு முன், வெளியே பார்க்க வேண்டும். மேலே மின்விசிறி சுற்றுகிறதா? ஏர்கண்டிஷன் காற்று நேராக மேசைக்கு வருகிறதா? கதவருகே உட்கார்ந்திருக்கிறோமா? இவற்றில் ஏதேனும் இருந்தால் எந்த டார்ச்சின் தீயும் ஆடும். இடத்தை மாற்றிப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்று தீயை ஆட்டுகிறது என்று சன்னல்களையெல்லாம் அடைத்துவிடக் கூடாது. சில பற்றாசுகளில் காட்மியம் என்ற உலோகம் கலந்திருக்கும். ‘கேடிஎம்’ என்று நகைக்கடைகளில் சொல்லப்பட்ட பெயரே காட்மியத்திலிருந்து வந்ததுதான். அது 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். காட்மியம் இல்லாத பற்றாசு கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் மூன்று பக்கமும் தீக்கல் அடுக்கித் தீக்கு மறைப்பு வையுங்கள். மின்விசிறியை நம்மை நோக்கி வீச விடாமல், புகையை வெளியே இழுக்கும்படி சுவரில் பொருத்துங்கள். அப்போது தீயும் ஆடாது, மூச்சும் கெடாது.

அடுத்தது, கேஸின் அளவு. தீ மெல்ல மெல்லச் சுருங்கி, நீலக் கூம்பு குட்டையாகிக்கொண்டே போனால் கேஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் ஒரு மாணவர் எங்களிடம் கேட்டதைப் போல, “சார், இப்பதான் நிரப்பினேன், அதுக்குள்ள எப்படித் தீரும்?” என்றும் கேட்கலாம். நல்ல கேள்வி. தீ சுருங்க இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, குளிர்ச்சி. மண்பானையின் மேல் ஈரத் துணி சுற்றினால் தண்ணீர் குளிர்கிறது அல்லவா? திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பியூட்டேனும் அப்படியே. நிரப்பிய உடனும், நெடுநேரம் இடைவிடாமல் எரித்த பிறகும் டார்ச்சின் அடிப்பகுதி சில்லென்று ஆகிவிடும். பியூட்டேன் பூஜ்யம் பாகைக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அந்த அளவுக்குக் குளிராவிட்டாலும், குளிரக் குளிர ஆவியின் அழுத்தம் குறையும், தீ தளரும். இதற்கு மருந்து ஓய்வு. நிரப்பிய பின் ஐந்து நிமிடம் காத்திருங்கள். நெடுநேர வேலையில் இரண்டு டார்ச்சுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் வைப்பது, அடுப்பருகே வைத்துச் சூடாக்குவது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. அழுத்தம் ஏறி வெடித்துவிடும்.

இரண்டாவது காரணம், உள்ளே அடைபட்ட வெறுங்காற்று. பலமுறை நிரப்பிய டார்ச்சில் காற்றும் சேர்ந்துகொள்ளும். அப்போது கேஸ் பாதிதான் ஏறும்; தீயும் விட்டுவிட்டு எரியும். இதைப் போக்க, தீ இல்லாத வெளியிடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். டார்ச் முழுதும் ஆறியிருக்க வேண்டும். கேஸ் திருகை மூடுங்கள். நிரப்பும் வாய் மேலே வரும்படி தலைகீழாகப் பிடித்து, சிறு திருப்புளியால் அந்த வாயின் நடு ஊசியை அழுத்துங்கள். உஸ்ஸென்று வரும் ஒலி நிற்கும்வரை அழுத்தி விடுங்கள். பிறகு அதே நிலையில், கேஸ் டப்பாவைத் தலைகீழாக நேராகக் குத்தி நிரப்புங்கள். சரிந்து குத்தினால் பக்கத்தில் பீறிட்டு வீணாகும்.

சிலருக்கு, டார்ச்சைச் சாய்த்ததும் மஞ்சள் தீ குப்பென்று ஒரு முழம் பாயும். ஆவிக்குப் பதில் திரவமே துளைக்கு வந்துவிட்டதுதான் காரணம். நிரப்பிச் சற்று நேரத்துக்கும், டார்ச் சூடேறும் வரைக்கும் அதை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். டார்ச்சைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக நகையைத் திருப்பி வையுங்கள்.

மூன்றாவது, துளை அடைப்பு. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால், இரண்டாகப் பிரிந்தால், கேஸ் நிறைய இருந்தும் இரைச்சல் மெலிந்தால், இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மலிவான கேஸில் இருக்கும் எண்ணெய்க் கசடு உள்துளையை அடைக்கும். முனையை நகைக்கு மிக அருகே கொண்டு போனால் உருகிய வெங்காரம் தெறித்துக் கண்ணாடி போல் வெளிமுனையில் ஒட்டிக்கொள்ளும். பல நாள் எடுக்காமல் வைத்த டார்ச்சின் காற்றுத் துவாரத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். டார்ச்சை அணைத்து, ஆறவிட்டு, ரப்பர் குமிழால் முனையின் வெளிப்பக்கமிருந்து உள்நோக்கிக் காற்றடியுங்கள். ஒட்டிய வெங்காரத்தை மெல்லத் தட்டி எடுங்கள். ஸ்டவ்வுக்குக் குத்திய தடித்த ஊசியை இங்கே எடுக்காதீர்கள். இந்தத் துளை மயிரிழை போன்றது. ஊசியால் ஒருமுறை அகலமாகிவிட்டால் கேஸ் அளவுக்கு மீறி வரும். அந்த முனை பிறகு பயன்படாது. புது முனை வாங்குவதே வழி.

நான்காவது, காற்றின் அளவு. டார்ச்சின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் காற்றுத் துவாரம் திறக்கும், மூடும். காற்று மிகுந்தால் தீ முனையை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும், உறுமும், பிறகு அணையும். காற்று குறைந்தால் தீ மஞ்சளாகித் துவளும். பற்ற வைக்கும்போது காற்றைக் குறைத்து, கேஸையும் குறைவாக வைத்துப் பற்ற வையுங்கள். பிறகு கேஸைக் கூட்டி, கடைசியில் காற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நீலக் கூம்பு கூர்மையானதும் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது ஆபத்தானது. கேஸ் மிகக் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் இருந்தால், கேஸ் வெளியே வரும் வேகத்தைவிடத் தீ பரவும் வேகம் மிகுந்துவிடும். அப்போது தீ குழாய்க்குள்ளேயே பின்வாங்கி எரியும். வெளியே தீ தெரியாது, சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும், முனை சிவக்கும். உடனே கேஸை மூடுங்கள். முனை நன்றாக ஆறிய பிறகே மறுபடி பற்ற வையுங்கள்.

பெரிய பட்டறைகளில் கேஸ் தோம்பிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக டார்ச்சுக்குக் கேஸ் வரும். காற்று, கால் துருத்தியிலிருந்தோ கம்ப்ரசரிலிருந்தோ வரும். அங்கே தீயின் துடிப்பைக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கால் மிதிக்கும் தாளத்திலேயே தீயும் துடித்தால், காற்றைத் தேக்கிச் சீராக அனுப்பும் ரப்பர்ப் பையில் ஓட்டை இருக்கிறது. தீ படபடவென்று பொரிந்தால் கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் தங்கியிருக்கிறது, வடித்து விடுங்கள். நாம் அசையும்போது மட்டும் தீ தளர்ந்தால் குழாய் எங்கோ மடிகிறது, அல்லது நாற்காலிக் கால் அதை மிதிக்கிறது. இவை ஒன்றும் இல்லாமல் தீ தானாக ஏறி இறங்கினால் தோம்பின் தலையில் உள்ள ரெகுலேட்டர் பழுது. அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். வீட்டு அடுப்பு ரெகுலேட்டரையும் பட்டறை ரெகுலேட்டரையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடவும் கூடாது. இரண்டின் அழுத்தமும் வேறு.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடமே கசியும் இடம். கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது; தரையிலும் சாக்கடையிலும் படுக்கையின் அடியிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு சேர்ந்தாலே பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். கேஸ் வாடை வந்தால் மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியேறி, எட்ட நின்று 999 எண்ணுக்கு அழையுங்கள். பலகைச் சுவர் லயங்களில் ஒரு வீட்டில் பற்றிய தீ வரிசை முழுவதற்கும் பரவும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இன்று கேட்டவை உங்கள் கேஸ் அடுப்புக்கும் பொருந்தும். சட்டியின் அடி கரி பிடிக்கிறதா? தீ மஞ்சளாக ஆடுகிறதா? பர்னரின் துளைகளில் பொங்கி வழிந்த கஞ்சி அடைத்திருக்கும். கழுவி, உலர்த்தி, மறுபடி வையுங்கள். தீ நீலமாகும், கேஸும் மிச்சமாகும்.

நேயர்களே, ஒரு கோளாறைத் தேடும்போது எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றி, தீயைப் பார்த்து, பலன் இல்லாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். எளியதும் செலவில்லாததும் முதலில்: சுற்றுக் காற்று, பிறகு கேஸின் அளவும் குளிர்ச்சியும், பிறகு துளை, பிறகு காற்று வளையம், கடைசியில் குழாயும் ரெகுலேட்டரும். இதுதான் வைத்தியர் நோயைத் தேடும் முறை. விஞ்ஞானி உண்மையைத் தேடும் முறையும் இதுதான். பெரிய கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாத பிள்ளையும் பட்டறை மேசையில் இந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ நகைப் பட்டறையில் வேலை பழகப் போனால், என்ன சம்பளம் என்று மட்டும் கேட்காதீர்கள். புகை வெளியேற வழி இருக்கிறதா, கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்களா, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, கசியும் டார்ச்சை மாற்றித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள்: “ஆடுற தீயை வச்சு அடுத்தவங்க நகையைத் தொடாதே. முதல்ல தீயைச் சரிபண்ணு.” கெட்டுப்போன நகையைத் திரும்பச் செய்யலாம், தீயில் போன கண்ணையும் கையையும் திரும்பச் செய்ய எந்தப் பட்டறையாலும் ஆகாது.